டவர் ஸ்பீக்கருக்கு அடியில் ஸ்பைக்கா, ரப்பர் காலா? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

நண்பர்கள், உறவினர்கள் வீடுகளில் ஸ்பீக்கர் பொருத்திக் கொடுப்பது பல வருடங்களாக எனக்குப் பிடித்த வேலை. ஆம்ப்ளிஃபயர், வயர் பற்றியெல்லாம் ஆளுக்கு ஒரு சந்தேகம் வரும். ஆனால் தரையில் நேராக நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கரின் கால் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறேன்.

1. டவர் ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு சின்ன கவர்ல கூரா எட்டு ஆணி இருந்துச்சு. அது எதுக்கு?

அதுதான் ஸ்பைக். ஒரு ஸ்பீக்கருக்கு நான்கு. ஸ்பீக்கரின் அடிப்பலகையில் மரையுள்ள துளைகள் இருக்கும், அதில் திருக வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் சுவரிலிருந்து சுவர் வரை தடிமனான கார்ப்பெட் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஒரு மீட்டர் உயரமுள்ள பெட்டியை அப்படியே வைத்தால் மெத்தையில் நிற்க வைத்த மாதிரி ஆடும். ஸ்பைக்கின் கூர்முனை கார்ப்பெட்டைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள கெட்டியான தரையைத் தொடும். பெட்டி அசையாமல் நிற்கும்.

ஸ்பைக்கின் முதல் வேலை இதுதான். இரண்டாவது வேலை மட்டம் பார்ப்பது. திருகி ஏற்றி இறக்கலாம் என்பதால் மேடு பள்ளமான தரையிலும் நான்கு காலும் ஊன்றி நிற்கும்.

2. அப்போ ஐசொலேஷன் ஃபீட்னா என்ன? ரப்பர் புஷ்ஷுக்கு ஸ்டைலா வெச்ச பேர்தானே?

பாதி சரி. ரப்பரோ, சிலிகானோ, சார்போத்தேன் என்ற மெத்தென்ற பாலிமரோ, ஸ்பிரிங்கோ, ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். ஸ்பைக் ஸ்பீக்கரைத் தரையோடு இறுக்கிக் கட்டுகிறது. இவை ஸ்பீக்கரைத் தரையிலிருந்து பிரிக்கின்றன. பெட்டியின் அதிர்வு தரைக்குப் போவதும் தரையின் அதிர்வு பெட்டிக்கு வருவதும் குறையும்.

ஆனால் ஏதோ ஒரு ரப்பரைப் போட்டால் இந்த வேலை நடந்துவிடாது. ஸ்பீக்கரின் எடைக்கு அது எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 9-ஆம் கேள்வியில் கணக்கோடு சொல்கிறேன்.

3. கடைசியா எதைத்தான் போடறது? ஒரு வார்த்தையில சொல்லுங்க.

தரையைப் பார்த்துச் சொல்கிறேன். கடைக்காரரோ, ஸ்பீக்கர் கம்பெனியோ, நானோ யார் சொன்னாலும் உங்கள் தரையைக் கேட்காமல் சொன்னால் அந்தப் பதிலை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் இதைச் செய்யுங்கள். பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) நன்றாக உள்ள பாட்டை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் போட்டு, ஸ்பீக்கரிலிருந்து இரண்டடி தள்ளி உள்ளங்கையைத் தரையில் பதித்து வையுங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் கையில் ஒன்றும் தெரியாது. கீழே கான்கிரீட், அதன்மேல் சிமெண்ட் கலவை, அதன்மேல் டைல்ஸோ மொசைக்கோ கிரானைட்டோ. 25 கிலோ பெட்டியின் அதிர்வுக்கு அவ்வளவு பெரிய நிறை அசையாது. அசையாத தரையில் ஸ்பைக்குக்கும் ஐசொலேஷன் ஃபீட்டுக்கும் ஒலியில் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. அங்கே தரையில் கீறல் விழாத, ஆடாத, துடைக்க வசதியான காலைப் போடுங்கள். நான் பெரும்பாலும் அடியில் ரப்பரோ ஃபெல்ட்டோ உள்ள தட்டைக் கால்களைத்தான் போடச் சொல்வேன்.

கையில் அதிர்வு தெளிவாகத் தெரிந்தால் கதை வேறு. மரத்தரை, மரச்சட்டத்தின்மேல் பலகை போட்ட மேடை, அறைக்குள் கட்டிய பரண் போன்ற மாடி, இவையெல்லாம் ஸ்பீக்கரோடு சேர்ந்து தாமும் ஒலிக்கும். அங்கே ஐசொலேஷன் ஃபீட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு அர்த்தம் உண்டு. மரத்தரை பற்றி 13-ஆம் கேள்வியில் இருக்கிறது.

4. டைல்ஸ்ல ஸ்பைக் வெச்சா நிஜமாவே உடையுமா? வர்ற எடை 20, 25 கிலோதானே?

எடையைவிட அது எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். 24 கிலோ ஸ்பீக்கர், நான்கு ஸ்பைக், ஒவ்வொன்றிலும் 6 கிலோ. முனை 1 மி.மீ. விட்டம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 75 நியூட்டன் அழுத்தம் வருகிறது. வீட்டு ஸ்லாபுக்கு ஊற்றும் எம்20 கான்கிரீட்டை நசுக்கிப் பார்க்கும் சோதனையில் அது தாங்க வேண்டியதே 20 நியூட்டன்தான். புது ஸ்பைக்கின் முனை 1 மில்லிமீட்டரைவிடக் கூராக இருக்கும்.

விட்ரிஃபைட் டைல் கடினமானது. அசையாமல் நின்றால் பெரும்பாலும் தாங்கிவிடும். தள்ளும்போதுதான் உடைகிறது. ஒருமுறை நண்பர் வீட்டில் ஸ்பீக்கரைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்ப நினைத்து, தூக்காமல் ஒரு காலை ஊன்றிச் சுழற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். டைலின் ஓரத்தில் பச்சரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்து, உள்ளே இருந்த வெள்ளை தெரிந்தது. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகும்.

டைலுக்கு அடியில் கலவை சரியாக நிரம்பாமல் வெற்றிடம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்தை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். சுற்றியுள்ள டைல் 'டிக் டிக்' என்று ஒலிக்க, ஒன்று மட்டும் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கொடுத்தால் அதன்மேல் கூர்முனையை வைக்காதீர்கள். மார்பிள் மென்மையான கல், எஃகு அதைக் கீறிவிடும். ஆத்தங்குடி டைலுக்கும் ரெட் ஆக்சைடு தரைக்கும் ஸ்பைக் வேண்டவே வேண்டாம். நிறம் இருப்பது மேலே ஒரு மெல்லிய படலத்தில்தான். அது போனால் அதே நிறத்தில் திரும்பப் பூசிச் சேர்ப்பது எந்தக் கொத்தனாருக்கும் சிரமம்.

5. ஸ்பைக்குக்கு அடியில அஞ்சு ரூபா காயின் வெச்சிருக்கேன். போதுமா?

தரையைக் காப்பாற்ற அது உதவும். நானும் செய்திருக்கிறேன். ஆனால் நாணயத்தில் முனை உட்காரக் குழி கிடையாது. வீடு துடைக்கும்போது மாப் இடித்தால் ஸ்பைக் வழுக்கித் தரைக்கு வந்துவிடும். நாணயத்தின் அடியில் மணல் சிக்கினால் அதுவே டைலைக் கீறும்.

ஸ்பைக் கப், ஸ்பைக் ஷூ என்ற பெயர்களில் நடுவில் குழியுள்ள உலோக வட்டுகள் கிடைக்கின்றன. அடியில் மெல்லிய ஃபெல்ட்டோ ரப்பரோ ஒட்டியிருப்பதாக வாங்குங்கள். வட்டுக்குள் ஸ்பைக்கை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெட்டியைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் வட்டை நகர்த்தி முனைக்கு நேராக வைக்க வேண்டும். தனியாக முயன்றால் 4-ஆம் கேள்வியில் சொன்னதுதான் நடக்கும்.

6. தனியா கால் வாங்கினா என் ஸ்பீக்கர்ல சேருமா? மரை அளவு எப்படிப் பார்க்கறது?

பெரும்பாலான ஸ்பீக்கர்களில் எம்6 அல்லது எம்8 மரை (6 அல்லது 8 மி.மீ. விட்டம்) இருக்கும். சில அமெரிக்க ஸ்பீக்கர்களில் கால் அங்குல மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. எம்6-க்கும் கால் அங்குலத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு சுற்று சுற்றியதும் இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் கொடுத்துத் திருகினால் பலகைக்குள் பதித்த மரைக்குழாய் பிய்ந்து வந்துவிடும்.

கூட வந்த ஸ்பைக்கை ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப்போய் ஒரு நட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

7. ஸ்பைக் மாட்டினதுக்கு அப்புறம் பெட்டி லேசா ஆடுது, சில பாட்டுக்கு 'கிர்'ருனு சத்தமும் வருது. ஸ்பைக் மட்டமா?

ஸ்பைக்கின்மேல் தப்பு இல்லை. லாக் நட் இறுகவில்லை. ஸ்பைக்கோடு வரும் அந்த மெல்லிய நட்டைப் பலர் அட்டைப்பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அதை அடிப்பலகையோடு சேர்த்து இறுக்கினால்தான் மரைக்குள் இருக்கும் தளர்வு போகும். சாதாரணமாக எம்8 நட்டுக்கு 13-ஆம் எண் ஸ்பேனர், எம்6-க்கு 10-ஆம் எண்.

வரிசையாகச் செய்யுங்கள். பெட்டியைப் போர்வையில் படுக்க வைத்து நான்கு ஸ்பைக்கையும் ஒரே உயரத்துக்குத் திருகி நிறுத்துங்கள். மேல்பலகையில் ரசமட்டம் வையுங்கள். நம் ஹால்களில் கழுவிவிடும் தண்ணீர் வாசலுக்கு ஓட லேசாகச் சரிவு விட்டிருப்பார்கள், அதனால் ஒரு பக்கம் இறங்கியிருப்பது சகஜம். ஒவ்வொரு ஸ்பைக்காகத் திருத்துங்கள். பிறகு பெட்டியின் எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். எந்தக் கால் தொங்குகிறது என்று கைக்குத் தெரியும், அதை அரைச் சுற்று இறக்குங்கள். ஆட்டம் முழுதாக நின்றபின் லாக் நட்டை இறுக்குங்கள். ஒரு ஜோடிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். விலை உயர்ந்த கால் வாங்குவதைவிட இந்த அரை மணி நேரம் காதுக்கு அதிகம் கொடுப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

8. ஸ்பைக் அதிர்வைத் தரைக்குள்ள இறக்கிடும், ஆனா தரையிலேருந்து திரும்ப வராதுன்னு சொல்றாங்களே?

அது தவறு. கூர்முனைக்கு ஒருவழிப் பாதை என்ற குணம் கிடையாது. எஃகு அதிர்வை எந்தப் பக்கம் கடத்துகிறதோ அதே அளவு மறுபக்கமும் கடத்தும். மரத்தரையில் ஸ்பைக் வைத்தால் ஒரு ஸ்பீக்கரின் அதிர்வு தரைக்குப் போய், இன்னொரு ஸ்பீக்கருக்கும் இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் வைத்த மேசைக்கும் வந்து சேரும்.

எதிர்ப்பக்கம் சொல்லும் ஒரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். மெத்தென்ற காலில் நின்றால், முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கோன் (கூம்பு) முன்னே பாயும்போது பெட்டி பின்னே உதைத்து ஒலி மழுங்கும் என்பார்கள். கணக்குப் போடுவோம். வூஃபர் (பேஸ் ஒலிக்கும் பகுதி) கோனின் அசையும் நிறை 25 கிராம், பெட்டி 25 கிலோ என்றால் ஆயிரத்தில் ஒன்று. கோன் 5 மி.மீ. நகர்ந்தாலும், தரையே இல்லாமல் மிதக்கும் பெட்டி பின்னால் போவது 0.005 மி.மீ. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதற்காக இரும்பால் கட்டிப்போட வேண்டியதில்லை.

9. எவ்வளவு மெத்துனு இருந்தா ஐசொலேஷன் கிடைக்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காலின் மேல் நிற்கும் ஸ்பீக்கர், ஸ்பிரிங் மேல் வைத்த எடை மாதிரி. அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, அதாவது தட்டிவிட்டால் தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடுமோ அது. அதைப்போல் 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வுகளைத்தான் கால் தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது, இயல்பு அதிர்வெண்ணை ஒட்டிய இடத்தில் அதிர்வை இன்னும் பெருக்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. ஸ்பீக்கரை ஏற்றியதும் கால் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுத்தால் வருவது இயல்பு அதிர்வெண், ஹெர்ட்ஸில். 4 மி.மீ. அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ். 1 மி.மீ. என்றால் 16. வெறும் 0.1 மி.மீ. என்றால் 50 ஹெர்ட்ஸ்.

டவர் ஸ்பீக்கர்களின் பேஸ் பெரும்பாலும் 35, 40 ஹெர்ட்ஸில் தொடங்கும். ஆகவே கால் 10 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்க வேண்டும், அதாவது இரண்டரை மி.மீ.க்கு மேல் அமுங்க வேண்டும். கெட்டியான கறுப்பு ரப்பர் வட்டு அமுங்குவதே தெரியாது. அது ஐசொலேஷன் இல்லை, தரைக்குப் போட்ட செருப்பு. அதிலும் ரப்பர், அதிரும்போது சும்மா நிற்பதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். கணக்கில் வருவதைவிட உண்மையான அதிர்வெண் சற்று மேலே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. வாஷிங் மெஷின் ரப்பர் கால், பாதியா வெட்டின டென்னிஸ் பால், குழந்தைங்க விளையாடற ஃபோம் மேட், இதெல்லாம் வைக்கலாமா?

முந்தைய கணக்கை வைத்து நீங்களே சொல்லிவிடலாம். வாஷிங் மெஷின் கால் 60, 70 கிலோ எடைக்குச் செய்தது. 20 கிலோ ஸ்பீக்கருக்கு அது கல் மாதிரி. ஃபோம் மேட் முதல் வாரம் நன்றாக அமுங்கும், பிறகு அப்படியே நசுங்கித் தட்டையாகிவிடும். பாதி டென்னிஸ் பந்து மெத்தென்று இருக்கும், ஆனால் ஒல்லியான உயரமான பெட்டியை அதன்மேல் நிறுத்துவது சரிய விடுவதற்குச் சமம். அலமாரியில் வைக்கும் சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலிவாகச் செய்ய நினைத்தால் கிரானைட் கடையில் 18 மி.மீ. கழிவுத் துண்டு கேளுங்கள். 30-க்கு 40 செ.மீ. துண்டு ஏறத்தாழ 6 கிலோ இருக்கும். ஓரத்தை மழுக்கித் தருவார்கள். அடியில் சார்போத்தேன் வட்டுகள், மேலே கல், கல்லின்மேல் ஸ்பீக்கர். வட்டுகளை வாங்கும்போது ஒவ்வொன்றும் எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து, ஸ்பீக்கர், கல் இரண்டின் எடையையும் கூட்டி நான்கால் வகுத்துத் தேர்ந்தெடுங்கள். கல் அகலமாக இருப்பதால் பெட்டி சரியும் பயமும் குறையும்.

11. ரெடிமேட் ஃபீட்ல மூணு சைஸ் இருக்கு. பெருசா வாங்கினா நல்லதுதானே?

இல்லை. அதிகம் தாங்கும் காலின்மேல் குறைந்த எடை வைத்தால் அது அமுங்காது, 9-ஆம் கேள்விப்படி வேலையும் செய்யாது. உதாரணத்துக்கு, கனடாவின் ஐசோஅகூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் கையா வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கால் கொண்ட ஒரு செட்டில் மூன்றாம் எண் 32 கிலோ வரை, இரண்டாம் எண் 54 கிலோ வரை, முதல் எண் 100 கிலோ வரை. 22 கிலோ ஸ்பீக்கருக்கு மூன்றாம் எண்தான். அந்தக் கால்களில் உள்ள முத்திரை நேர் முன்னாலோ நேர் பின்னாலோ பார்க்கும்படி மாட்ட வேண்டும், பக்கவாட்டில் திரும்பியிருக்கக் கூடாது.

ஸ்பீக்கரின் எடை தெரியாவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள்.

12. பேஸ் 'கும்'முனு அடைச்ச மாதிரி இருக்கு. ஃபீட் மாத்தினா சரியாயிடுமா?

கான்கிரீட் தரை என்றால் சரியாகாது. அந்தக் 'கும்' அறையிலிருந்து வருகிறது. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி அலை சுவருக்குச் சுவர் சரியாகப் பொருந்தி நின்றுவிடும். 10 அடி அகலத்தில் அது 56 ஹெர்ட்ஸ். அந்தச் சுரங்கள் வரும்போதெல்லாம் அறையே வாத்தியம் மாதிரி ஒலிக்கும்.

ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுத்துப் பாருங்கள். சோபா சுவரை ஒட்டி இருந்தால் அதையும் ஓரடி நகர்த்துங்கள். இதற்குக் காசு செலவில்லை. கேட்கும் மாற்றமோ எந்தக் கால் மாற்றியும் கிடைக்காத அளவுக்கு இருக்கும்.

13. டொராண்டோல பொண்ணு வீட்டுல மேல் மாடி முழுக்க மரத்தரை. நடந்தாலே ஸ்பீக்கர் நடுங்குது. அங்க என்ன பண்றது?

இந்தச் சூழலில்தான் ஐசொலேஷன் ஃபீட் உண்மையிலேயே வேலை செய்கிறது. மரச் சட்டங்களின்மேல் பலகை அடித்த தரை, மேளத்தின் தோல் மாதிரி. 3-ஆம் கேள்வியில் சொன்னபடி கை வைத்தால் அதிர்வு துள்ளும். ஸ்பைக் வைத்தால் பேஸ் கனமாகக் கேட்கும், ஆனால் அதில் ஒரு பங்கு தரை தன் குரலில் பாடுவது. பிரித்து வைத்தால் பேஸ் கொஞ்சம் குறைந்தது போல இருக்கும், மிருதங்கத்தின் தொப்பியும் கிடாரும் தனித்தனியாகத் தெரியும்.

இரண்டு விஷயம். ஸ்பீக்கரைத் தரையின் நடுவில் வைக்காமல், சட்டங்கள் சுவரில் ஊன்றும் ஓரத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள், அங்கே தரை குறைவாக ஆடும். மிக மெத்தென்ற ஸ்பிரிங் கால் வேண்டாம், ஆள் நடக்கும்போது ஸ்பீக்கர் ஊஞ்சல் ஆடும். கார்ப்பெட் இருந்தால் ஃபீட்டோடு கார்ப்பெட்டுக்கான அடித்தட்டும் வாங்க வேண்டும். அதே வீட்டின் பேஸ்மென்ட்டில் கான்கிரீட் தரை என்றால் இது எதுவும் தேவைப்படாது.

14. கீழ் வீட்டுக்காரங்க பேஸ் கேக்குதுன்னு சண்டைக்கு வர்றாங்க. ஃபீட் போட்டா நிக்குமா?

கொஞ்சம் குறையலாம், நிற்காது. அவர்களுக்குக் கேட்பதில் பெரும்பங்கு காற்று வழியே தரையையும் சுவரையும் அசைத்துப் போவது. கால் அதைத் தடுக்க வழியில்லை. இரவு பத்து மணிக்கு மேல் பேஸைக் குறைப்பதும், அவர்களிடம் நேரில் போய்ப் பேசுவதும்தான் பலன் தரும். தரையில் நிற்கும் சப்வூஃபர் இருந்தால் ஃபீட்டை முதலில் அதற்குப் போடுங்கள்.

15. வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை. எது பாதுகாப்பு?

அடிப்பாகம் எவ்வளவு அகலமோ அவ்வளவு பாதுகாப்பு. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் உள்ள அடிப்பலகை கூட வந்திருந்தால் கட்டாயம் மாட்டுங்கள். மூன்று கால் ஆடாது என்று சொல்வார்கள், அது சரி. ஆனால் நான்கைவிட எளிதில் சாயும், குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். மெத்தென்ற கால், பாதி பந்து எதுவும் வேண்டாம். அலமாரியைச் சுவரோடு கட்டும் பட்டையை ஸ்பீக்கரின் பின்பலகையிலும் சுவரிலும் மாட்டலாம். பட்டை மாட்ட மனம் வரவில்லை என்றால் குழந்தை கொஞ்சம் வளரும்வரை டவரை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். இதில் ஒலியைப் பற்றி நான் பேசவே மாட்டேன்.

16. ஃபீட் மாத்தினதும் வேற ஸ்பீக்கர் மாதிரி ஆயிடுச்சுன்னு ஃப்ரெண்ட் சொல்றார். எனக்கு ஒண்ணும் தெரியலை. என் காதுல குறையா?

காதில் குறை இல்லை. கால் மாற்ற இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்துக்கு முன் கேட்ட ஒலியின் நுணுக்கத்தை யாராலும் அப்படியே நினைவில் வைத்திருக்க முடியாது. அதோடு, புதுக் கால் ஸ்பீக்கரை 2 செ.மீ. உயர்த்தியிருக்கும், இடமும் கொஞ்சம் மாறியிருக்கும். அவர் கேட்ட மாற்றம் உண்மையாகவே இருந்திருக்கலாம், ஆனால் அது காலால் வந்ததா என்பது அப்படித் தெரியாது.

இப்படிச் செய்யுங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உயரத்தில் வையுங்கள். ஒன்றுக்கு ஸ்பைக், இன்னொன்றுக்கு ஃபீட். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலி வரும்படி) போட்டு, வீட்டில் ஒருவரை பேலன்ஸ் திருகை இடமும் வலமும் மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எது என்று சொல்லுங்கள். பத்து முறை. பிறகு ஸ்பீக்கர்களின் இடத்தை மாற்றி இன்னும் பத்து முறை.

காதோடு சேர்த்து அளந்தும் பார்க்கலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை மொபைலில் போட்டு, முடுக்கத்தின் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற வரைபடம்) காட்டும் பகுதியைத் திறந்து, மொபைலை ஸ்பீக்கருக்கு அருகே தரையில் வையுங்கள். 40 ஹெர்ட்ஸ் டோனை ஒரே சத்தத்தில், முதலில் ஸ்பைக்கோடும் பிறகு ஃபீட்டோடும் ஓட விடுங்கள். மரத்தரையில் கோட்டின் உயரம் இறங்குவது கண்ணெதிரே தெரியும். உங்கள் கான்கிரீட் ஹாலில் இரண்டு கோடும் ஒரே மாதிரி இருந்தால், ஃபீட்டைத் திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போதே கொடுத்துவிட்டு, 7-ஆம் கேள்விக்குப் போய் லாக் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.